மாப்பிள்ளைக்கு ஏற்ற வண்டி

ஆள் பெரியவராக இருந்தால் அவரைச் சேர்ந்த எல்லாமே பெரியதாக இருக்க வேண்டும் என்று நம்மவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பெரிய இலை, பெரிய தம்ளர், பெரிய நாற்காலி. இலையையும் தம்ளரையும் பற்றி எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் இந்த அபிப்பிராயம் எத்தனை பேருடைய முழங்காலுக்கு வினையாக முடிகிறது என்பதைச் சென்ற ஆண்டு, அதாவது 2025இல், என் தங்கையின் கணவருக்காக வண்டி தேடப் போனபோதுதான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளைக்கு வயது 44. உயரம் ஆறடி ஒரு அங்குலம். எடை 112 கிலோ. வீடு வடலூரில், வேலை நெய்வேலிச் சுரங்கத்தில், ஷிப்ட் வேலை. 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கும் ஊரில் ஒரு மனிதர் கொஞ்சம் புஷ்டியாக இருப்பதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் ஊர் சொல்லத்தான் செய்கிறது. சிறுபிராயத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறது. "மரத்துல ஏறாதே, கிளை ஒடிஞ்சிடும்." "ஊஞ்சல்ல உக்காராதே, கயிறு அந்துடும்." கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு, அவர் உட்காரும்வரை பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். அந்தச் சிரிப்பை நான் பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை வந்தது. வடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே, காடாம்புலியூர்ப் பக்கமெல்லாம் முந்திரித் தோப்புகள். தோப்புக்குள் செம்மண் வண்டிப்பாதைகள். சில இடத்தில் கெட்டித் தரை, சில இடத்தில் கணுக்கால் புதையும் மணல், மழை பெய்தால் சறுக்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபர்கள் சிலர் அங்கே மண்பாதை மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பழகுகிறார்கள். ஒரு நாள் பண்ருட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் மாப்பிள்ளை ஒரு மணி நேரம் நின்று அதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் எனக்குத் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பாரு. போன வருஷந்தான் முட்டிக்கு ஊசி போட்டுகிட்டு வந்தாரு. இப்ப மண்ணுல வண்டி ஓட்டப் போறாராம்."

நான் வடலூருக்குப் போனேன். தடுப்பதற்காகத்தான் போனேன். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு தடுக்க மனம் வரவில்லை. இருபது வருஷ உத்தியோகத்தில் தமக்கென்று விளையாட்டாக எதையுமே வாங்கிக்கொள்ளாத மனிதர். "ஓட்டுவது என்று ஆகிவிட்டால் சரியான வண்டியில் ஓட்டட்டும்" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொல்லாமல் காப்பியை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

வண்டிக் கடைக்குப் போனோம். எந்த ஊர், எந்தக் கடை என்பது அவசியமில்லை. எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். விற்பனைப் பிள்ளை மாப்பிள்ளையை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தான். நேரே கடையில் இருந்த வண்டிகளிலேயே பெரியதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். "உங்க பர்சனாலிட்டிக்கு இதான் சார் எடுப்பா இருக்கும். மத்ததெல்லாம் பொம்மை மாதிரி தெரியும்" என்றான். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. உண்மையாகவே எடுப்பாகத்தான் இருந்தது. முன்பணத்தைக் கொடுத்துவிடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அது 2023இல் வந்த ஹிமாலயன் 450. நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 40 குதிரைச் சக்தி. இங்கிருந்து லடாக் வரை போய் வரலாம். மாப்பிள்ளை நெடுஞ்சாலைப் பயணத்துக்கு வண்டி தேடியிருந்தால் நானே அதை வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் பெட்ரோலோடு அதன் எடை 196 கிலோ. மண்ணில் ஓட்டப் பழகுகிற ஒருவர் முதல் மாதத்தில் எத்தனை தரம் கீழே விழுவார்? சரளமாகக் கற்றுக்கொள்பவர்கூட ஒரு காலைப் பொழுதில் நாலைந்து தடவை வண்டியைச் சாய்த்துவிடுவார். சாய்ந்த வண்டி தானாக எழுந்திருக்காது.

"மச்சான், எனக்குப் பலம் இருக்கு. தூக்கிடுவேன்" என்றார் மாப்பிள்ளை.

பலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாதத்தில் தீராத விஷயங்களைத் தூக்கிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வதே மேல். குறிஞ்சிப்பாடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் பழைய ஹிமாலயன் ஒன்று, 2016இல் முதன்முதலாக வந்ததே அந்த 411 சி.சி. வகை, இருந்தது. அதன் எடையும் ஏறக்குறைய அதேதான், 199 கிலோ. ஞாயிறு காலையில் அதைத் தோப்பு மணலில் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார். எஞ்சினை நிறுத்து, கியரில் போடு, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் ஸ்டாண்டை எடுத்துவிடு, பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறு கையால் சீட்டுக்கடியில் உள்ள கம்பியையும் பிடித்து, இடுப்பால் முட்டுக்கொடுத்து அடி அடியாகப் பின்னால் நட என்று தூக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். முறை தெரிந்தால் மெலிந்தவர்கள்கூடக் கனத்த வண்டியைத் தூக்கிவிடலாம்.

மாப்பிள்ளை முதல் தரம் சுலபமாகத் தூக்கினார். இரண்டாம் தரமும் தூக்கினார். மூன்றாம் தரம் மணல் காலை வாங்கியது, முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நாலாம் தரத்துக்கு முன் போய் ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மணி அப்போது ஏழரைகூட ஆகவில்லை.

தம் உடம்பையும் தூக்கிக்கொண்டுதானே அவர் வண்டியைத் தூக்க வேண்டும்? 60 கிலோ ஆள் குந்தி எழுந்திருப்பது ஒன்று. 112 கிலோ ஆள் குந்தி எழுந்திருப்பது வேறு. பெரிய மனிதருக்கு லேசான வண்டி வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அவரிடம் கனம் ஏற்கெனவே இருக்கிறது. வண்டியும் அதைச் சுமந்துகொண்டு வர வேண்டாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கனத்துக்கும் மண்ணுக்கும் நடந்த வழக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே சீமையில் தீர்ந்துவிட்டது. ஸ்காத்லாந்தில் மலையும் சேறும் பாறையுமான பாதையில் ஆறு நாள் நடக்கும் பழம்பெரும் மோட்டார் சைக்கிள் போட்டி ஒன்று உண்டு. 1952இல் ஜானி பிரிட்டன் என்பவர் அதில் ஜெயித்தது 350 சி.சி. புல்லட்டில்தான். நம் திருவொற்றியூரில் 1955க்குப் பிறகு தயாராகத் தொடங்கியதே, அதே குடும்பத்து புல்லட். ஆனால் பிரிட்டன் ஓட்டியது போட்டிக்கென்று வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்த புல்லட். பின்னால் வந்தவர் ஸாமி மில்லர். பெயர்தான் சாமி, ஊர் பெல்ஃபாஸ்ட். ஏரியல் என்ற 500 சி.சி. வண்டியில் ஏராளமான போட்டிகளில் ஜெயித்தவர். அந்த வண்டியில் ஒவ்வொரு பாகமாக இளைக்க வைத்து, இனி இளைக்க இடமில்லை என்ற நிலை வந்ததும், 1964இல் அதை விட்டுவிட்டு ஸ்பெயின் தேசத்து புல்டாகோ கம்பெனியோடு சேர்ந்து 250 சி.சி.யில் லேசான வண்டி ஒன்றை உருவாக்கினார். 1965இல் ஆறு நாள் போட்டியில் அதிலேயே ஜெயித்தார். அதற்குப் பிறகு அந்தப் போட்டிகளில் கனத்த ஆங்கில வண்டிகளுக்குப் பழைய மவுசு திரும்பவில்லை.

இதையெல்லாம் முந்திரி மரத்தடியில் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் சரி மச்சான். இந்த ஒடம்ப வச்சுகிட்டுச் சின்ன வண்டியில போனா, சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கும். பசங்க சிரிப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முழங்காலைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அவருக்குப் பயம் இல்லை. விழுவதற்குக்கூடப் பயம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் தோப்பு வரைக்கும் கூடவே வந்திருந்தது. இதற்கு ஸ்காத்லாந்தில் பதில் கிடையாது. நான் சும்மா இருந்தேன்.

பதில் சொன்னவர் மெக்கானிக். பேச்சால் அல்ல; தம்முடைய இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200, நாலு வால்வு வகை. 2019இல் முதலில் வந்த வண்டியைத் திருத்தி 2021இல் கொண்டுவந்தார்கள். சுமார் 160 கிலோ. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. மணலிலும் பள்ளத்திலும் ஏறி இறங்க ஏற்ற அளவு. சீட் தரையிலிருந்து 82 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குட்டையானவர்கள் இந்த உயரத்தைப் பார்த்துத் தயங்குவார்கள். மாப்பிள்ளைக்கோ இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றின. உயரம் ஒரு வரப்பிரசாதம். மண்பாதையில் சமாளிக்க முடியாதபோது காலை ஊன்றிக்கொள்ள முடிவதைப் போன்ற தைரியம் புதிதாகப் பழகுபவருக்கு வேறில்லை.

எஞ்சின் போதுமா என்று கேட்டார். 19 குதிரைச் சக்தி. தோப்புக்குள் பழகும்போது யாரும் மணிக்கு 30 மைலில் போகப்போவதில்லை. இரண்டாம் கியரிலேயே காலை முழுவதும் கழிந்துவிடும். கனத்த ஆளை மேட்டில் இழுக்கச் சிரமப்பட்டால் பின்சக்கரப் பல்சக்கரத்தை இரண்டு பல் கூடுதலாக மாற்றிக்கொள்ளலாம். ஓட்டம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். பழகாத கைக்கு அதிகச் சக்தியைக் கொடுப்பது, மணலில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிய மறுகணமே பின்சக்கரம் குழி தோண்டி உட்கார்ந்துகொள்வதற்குத்தான் உதவும்.

இதைவிட லேசான வண்டி இல்லையா என்றால், இருக்கிறது. காவாஸாகியின் கே.எல்.எக்ஸ். 230, 2024 டிசம்பரில் இங்கே வந்தது, 139 கிலோதான். சீட் 88 சென்டிமீட்டர் உயரம். மாப்பிள்ளையின் காலுக்கு அதுவும் எட்டும். ஆனால் வந்த சமயத்தில் விலை 3,30,000 ரூபாய் என்றார்கள். பழகுவதற்கு வாங்கும் முதல் வண்டிக்கு அவ்வளவு கொடுத்தால் விழும்போதெல்லாம் மனம் நோகும். மனம் நோகிறவர் மறுபடி ஓட்டத் துணிய மாட்டார். அந்தக் கம்பெனியே பந்தயத் திடலுக்கு மட்டும் என்று விற்கும் சிறு வண்டிகளும் உண்டு. அவற்றைப் பதிவு செய்ய முடியாது, சாலையில் இறக்கவும் கூடாது. தோப்புக்குப் போக நெடுஞ்சாலையைத் தாண்டியாக வேண்டுமே!

இனித்தான் முக்கியமான விஷயம். வண்டியின் எடையைப் பற்றி நாலு பேர் சொல்வார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

எந்தக் கம்பெனியானாலும் சரி, ஏறக்குறைய 70, 75 கிலோ எடையுள்ள ஓர் ஆளை மனத்தில் வைத்துத்தான் ஸ்பிரிங்கை அமைக்கிறார்கள். அது குற்றமல்ல, சராசரிக்குத்தான் தைக்க முடியும். 112 கிலோ மனிதர், கவசங்களோடு 120 கிலோ, அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மெக்கானிக் ஒரு தையல் டேப்பை எடுத்தார். வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஓர் அடையாளம் வரை அளந்தார். பிறகு மாப்பிள்ளையை ஏறி நிற்கச் சொல்லி, நாங்கள் இருவரும் பிடித்துக்கொள்ள, மறுபடி அளந்தார். வித்தியாசம் 85 மில்லிமீட்டர். அந்த வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழும் போய்வரக் கூடிய தூரமே 170 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55, 60 இறங்கினால் சரி. பாதி இறங்கிவிட்டது.

பின்பக்கம் இப்படி அமுங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தில் பாரம் போதாமல் மணலில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காமல் அலையும். ராத்திரியில் ஹெட்லைட் பாதையை விட்டுவிட்டுப் பனைமரத்து நுங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் மிச்சத் தூரமும் தீர்ந்து அடிவாங்கும். அந்த அடி முழங்காலுக்கும் முதுகுக்கும் வந்து சேரும். ஓட்டுகிறவரோ, "என் கனத்துக்கு இது தாங்கவில்லை" என்று நினைத்துக்கொண்டு வண்டியை விற்றுவிடுவார். அல்லது இன்னும் பெரிய வண்டியாக வாங்குவார். அதன் ஸ்பிரிங்கும் அதே சராசரி ஆளுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும்.

பின்னால் உள்ள வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். திருகினால் சீட் உயரும்; ஸ்பிரிங் கடினமாகாது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆள் உட்கார்ந்த அளவு சரியாக வரும்வரை வளையத்தைத் திருகிவிட்டு, ஆளை இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். வண்டி தன் சொந்தக் கனத்திலும் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். துளிக்கூட இறங்காமல் விறைத்து நின்றால், அந்த ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெலிவானது என்று அர்த்தம். மாப்பிள்ளை இறங்கியதும் வண்டி விறைத்து நின்றது.

நான் இதை விளக்கத் தொடங்குவதற்குள் மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். சுரங்கத்தில் இருபது வருஷம் இருந்தவர் அல்லவா? ஜெர்மானியர்கள் செய்து கொடுத்த அந்தப் பிரம்மாண்ட மண்வெட்டிச் சக்கர இயந்திரங்கள், ஒரு வாளிக்கே 1400 லிட்டர் மண் அள்ளுபவை, மழைக்காலச் சேற்றிலும் புதையாமல் நகர்கின்றன. "அது எம்மாங்கனம் மச்சான்! அதுக்காக மிஷின் பெரிசுன்னு யாரும் சிரிக்கிறதில்ல. கனத்துக்குத் தகுந்த மாதிரி கீழ அகலமா பட்டை போட்டிருக்கான். கணக்குதான்" என்றார். டேப்பை மெக்கானிக் கையிலிருந்து வாங்கி, தாமே இன்னொரு முறை அளந்து பார்த்தார்.

பிறகு காரியங்கள் சீக்கிரம் நடந்தன. 2022ஆம் வருஷத்து எக்ஸ்பல்ஸ் ஒன்று பழையதாகக் கடலூரில் கிடைத்தது. 2023இல் வந்த புரோ என்ற உயரமான வகைக்கு ஸ்பிரிங் தூரமும் அதிகம், அமைப்பதற்கு வசதிகளும் அதிகம். சீட் 89 சென்டிமீட்டர். மாப்பிள்ளைக்கு அது இன்னும் பொருந்தியிருக்கும். பழையதாக ஒன்றும் அகப்படவில்லை. மிச்சமான பணத்தில் முன்னும் பின்னும் அவர் எடைக்கு ஏற்ற கடினமான ஸ்பிரிங்குகள் வரவழைத்தோம். எடையை எழுதி அனுப்பச் சொன்னார்கள். மாப்பிள்ளை 105 என்று எழுதப் போனார். என் தங்கை பேனாவைப் பிடுங்கி 112 என்று எழுதினாள். அவள் இந்த விவகாரத்தில் சேர்ந்துகொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

ஹேண்டில் பாருக்குக் கீழே ஓர் அங்குல உயரத்துக்குக் கட்டை வைத்தோம். மண்பாதையில் பாதி நேரம் எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும். ஆறடி மனிதர் அப்படி நிற்கும்போது ஹேண்டில் தாழ்வாக இருந்தால் முதுகு வளைந்துபோகும். முழங்கால் கவசத்துக்கும் பூட்ஸுக்கும்தான் அலைச்சல். அவர் அளவுக்குப் பூட்ஸ் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்று தங்கை சாவியை அரிசி டின்னில் போட்டு வைத்திருந்தாள். அது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. சுரங்க பூட்ஸ் விரலைக் காப்பாற்றும், கணுக்காலைக் காப்பாற்றாது.

ஆனி மாதக் கடைசியில், முந்திரி அறுவடையெல்லாம் முடிந்த பிறகு, தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கினார். அறுவடைக் காலத்தில் போனால் கொட்டை பொறுக்குகிற பெண்களுக்கு இடைஞ்சல். காய்ந்த சருகு குவிந்து கிடக்கும் இடத்தில் சூடான சைலன்ஸரோடு வண்டியை நிறுத்தவும் கூடாது. சுரங்கத்தை ஒட்டிய மண்மேடுகள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அங்கே போக அனுமதி இல்லை. அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. வழக்கமாக வரும் வாலிபர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மாப்பிள்ளை கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு வண்டியருகே போனபோது பேச்சு நின்றது. ஒருவன் மற்றவன் காதில் ஏதோ சொன்னான். அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு மூச்சு இறங்கி, அளவாக நின்றது. முதல் வளைவுவரை நன்றாகப் போனார், வளைவில் மணலைக் கண்டதும் பயந்து பிரேக்கைப் பிடித்தார், விழுந்தார். நான் ஓடினேன். அதற்குள் எழுந்து, வண்டியைச் சுற்றி வந்து, கிளட்ச் கம்பியிலிருந்து பின்பக்க விளக்குவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஒடியல மச்சான்" என்றார்.

குந்தி, முதுகைக் கொடுத்து, வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அன்றைக்கு நாலு தரம் விழுந்தார், நாலு தரமும் தாமே தூக்கினார். மூன்றாவது தரம் அந்த வாலிபர்களில் ஒருவன் உதவிக்கு ஓடிவந்தான். "வேணாம் தம்பி, மணல்ல எப்படி நிக்கிறதுன்னு மட்டும் சொல்லு" என்றார். அவன் பாதத்தை எங்கே வைப்பது, முழங்காலால் டாங்கியை எப்படிக் கவ்வுவது, பார்வையைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் இருபதடி தள்ளி எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தான். எட்டு மணிவரை இருவரும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணலில் இன்னும் பிடிக்கும் என்று அந்தப் பையன் சொன்னான். மெக்கானிக், இந்தக் கனத்துக்கு ரொம்பக் குறைத்தால் டியூப் கடிபட்டுப் பஞ்சராகும் என்றார். அந்தத் தர்க்கம் இன்னும் தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காற்று அளக்கும் கருவியோடு வருவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.